நேற்று நீ என்ன பார்த்தாய்?

தஞ்சாவூர்,
8 ஜூன் 2025

அன்புத் தம்பி ராஜராஜனுக்கு,

அக்கா குந்தவை எழுதுவது. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் எழுது.

இந்த இரண்டு வருஷத்தில் திருச்சி ஜெயிலுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. விடுதியில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் கையில் தருவார்கள். உனக்குப் போன் முறை வருவதோ வியாழக்கிழமை. அதனால் இனி கடிதம்தான்.

நாகப்பட்டினம் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டேன். ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலைக்கு என்னை எடுத்திருக்கிறார்கள். அதற்காகத்தான் இங்கே விடுதியில் தங்கி ஜெர்மன் படிக்கிறேன். அக்டோபரில் மொழித் தேர்வு. தேறினால் போகலாம். படிப்பது, எழுதுவது, கேட்பது மூன்றிலும் வகுப்பில் நான்தான் முதல். பேசச் சொன்னால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்கிறது. முதல் நிலைகளையெல்லாம் செல்போனிலேயே படித்தேன், அதில் எழுந்து நின்று பேச வேண்டியிருக்கவில்லை. இங்கே ஜாஸ்லின் மேடம் தினமும் எழுப்பி நிறுத்துகிறார். தரங்கம்பாடிக்காரர், கெட்டிக்காரர், கண்டிப்பானவர்.

முதல் நாளே என் பேரைக் கேட்டதும் வகுப்பே சிரித்தது. தஞ்சாவூரில் வந்து குந்தவை என்று சொன்னால் விடுவார்களா? "உன் தம்பி ராஜராஜன் எங்கே?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் விளையாட்டுக்குத்தான் கேட்டாள். அப்பா நிஜமாகவே உனக்கு அந்தப் பேரை வைத்திருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? சிங்கப்பூரில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்று. உன் கடிதத்தில் ஜெயில் முத்திரை இருக்கும். இங்கே தபாலெல்லாம் வார்டன் மேசையில்தான் கிடக்கும். அதனால் நீ குடவாசலுக்கு அம்மா பேருக்கு அனுப்பு. அம்மா வேறு உறையில் போட்டு எனக்கு அனுப்புவாள்.

அன்புடன்,
அக்கா குந்தவை


திருச்சி,
21 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சிங்கப்பூரிலிருந்து தம்பி ராஜராஜன் எழுதுவது. இங்கே வெயில் கொஞ்சம் அதிகம், மற்றபடி சுகம். முதுகு பரவாயில்லை. உனக்கு ராத்திரி தூக்கம் வருகிறதா? இந்தக் கடிதத்தைப் படித்துப் பார்த்து அனுப்பப்போகிற ஐயாவுக்கும் என் வணக்கம்.

உறை மாற்றுவதில் எனக்கு ஒன்றும் இல்லை. கடிதம் வந்து சேர்ந்தால் சரி.

பேச வரவில்லை என்கிறாயே, என்னைப் பார். என் பிளாக்கில் ஒரு பீகார்காரன் இருக்கிறான். மன்னார்குடிப் பக்கம் நடவு வேலைக்கு வந்து ஏதோ அடிதடியில் மாட்டிக்கொண்டவன். அவனோடு பேசிப் பேசி எனக்கு இந்தி வந்துவிட்டது. புத்தகமும் இல்லை, மேடமும் இல்லை. தப்புத் தப்பாகத்தான் பேசினேன். தப்பாகப் பேசினால்தான் எதிரில் இருப்பவன் வாயைத் திறந்து திருத்துவான். நீ சின்ன வயதிலிருந்தே ஒரு தப்பும் வரக்கூடாது என்று பார்ப்பவள். அங்கேதான் உனக்குச் சிக்கல்.

கேஸில் அரசுத் தரப்புச் சாட்சி விசாரணை முடியப்போகிறது. அடுத்தது நம் பக்கம். வக்கீல் மீரா சாகிப் உன்னைப் பற்றிக் கேட்டார். அக்கா படிக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். நம் வாய்க்காலுக்கு இந்த வருஷமாவது வந்ததா?

உன் தம்பி,
ராஜராஜன்


தஞ்சாவூர்,
16 ஜூலை 2025

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை. நம் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதாம். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் குறுவை நட்டுவிட்டார். அம்மா அந்தப் பக்கம் போவதே இல்லை.

சிங்கப்பூர் பெரிய தொந்தரவாகிவிட்டது. இங்கே பேச்சுப் பயிற்சி என்றால் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து குடும்பத்தைப் பற்றித்தான் கேட்டுக்கொள்வது. உன் தம்பி என்ன வேலை செய்கிறான், எப்போது வருவான், உனக்கு என்ன வாங்கி அனுப்பினான் என்று பாத்திமா மேரி என்னைக் கேட்கிறாள். என் அறைத்தோழி அவள், நல்ல பெண். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பொய் கூடுகிறது. கப்பல் பட்டறையில் வெல்டர் என்று ஒரு நாள் சொன்னேன், மறுவாரம் அது மறந்து ஹோட்டல் என்று சொல்லிவிட்டேன். இப்போது வாயைத் திறப்பதே இல்லை.

இந்த மாதம் இறந்த காலப் பாடம் நடக்கிறது. காலையில் வந்ததும் மேடம் ஒவ்வொருவரையும் எழுப்பி, "நேற்று நீ என்ன பார்த்தாய்?" என்று கேட்பார். பார்த்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் பெரிய கோவிலைப் பார்த்தேன், பஸ்ஸைப் பார்த்தேன் என்று எதையாவது சொல்லி உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கு "இஷ் ஹாபே கெசேன்", நான் பார்த்தேன், என்பதோடு நின்றுவிடுகிறது. என் தாளில் மேடம் 'ஆர்வம் இல்லை' என்று எழுதிவிட்டார். ஆர்வம் இல்லாமலா இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து கிடக்கிறேன்? ஊரில் தெருவில் இறங்கினால் கொலைகாரன் அக்கா என்கிறார்கள். எனக்கு அந்த ஊரை விட்டுப் போக வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா குந்தவை


திருச்சி,
27 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ராஜராஜன் எழுதுவது. நான் சௌக்கியம். நீ இளைத்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள், நேரத்துக்குச் சாப்பிடு.

வக்கீல் உன்னைக் கேட்டார் என்று எழுதியிருந்தேன். அதற்கு நீ ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். படிக்கிற ஐயாவும் படித்துக்கொள்ளட்டும், இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு நம்முடைய தண்ணீர் முறை. பயிர் காய்ந்து கிடந்தது. பக்கத்து வயல் பஞ்சநதம் நம் மதகில் பலகையைப் போட்டு அடைத்துவிட்டார். நான் பலகையைத் தூக்கினேன். அவர் அரிவாளோடு வந்தார். முதல் வீச்சு என் முதுகில் விழுந்தது. இரண்டாவதாக ஓங்கும்போதுதான் நான் மண்வெட்டியால் அடித்தேன். அவர் வாய்க்காலிலேயே விழுந்து செத்துப்போனார். அப்புறம் ஓடி வந்த அவர் மகன் அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மதகிலேயே விழுந்து அடிபட்டேன் என்று என் காயத்தையும் போலீஸில் எழுதிவிட்டார்கள். தேநீர்த் தூக்கோடு வரப்பில் நின்று இதை முழுக்கப் பார்த்தது நீ ஒருத்திதான்.

கல்யாணமாகாத பெண் ஸ்டேஷன் படி ஏறக்கூடாது என்று அம்மா பயந்தாள். "நீ வீட்டுல தோசை ஊத்திக்கிட்டு இருந்தன்னு சொல்லிடு" என்றாள். நீயும் அப்படியே சொன்னாய். நானும் சரி என்றேன். மூன்று பேரும் சேர்ந்து செய்த தப்பு, உன்னை மட்டும் சொல்லவில்லை. ஆனால் நீ வந்து பார்த்ததைச் சொன்னால் இது கொலை ஆகாது என்கிறார் மீரா சாகிப். சொல்லாவிட்டால் ஆயுள்தான்.

ஒரு யோசனை சொல்கிறேன். உன் மேடம் என்ன பார்த்தாய் என்று கேட்கிறாரே, அதையே அங்கே ஒரு தடவை சொல்லிப் பாரேன். ஜெர்மனில் சொன்னால் நம்மை யாருக்குத் தெரியும்? ஒரு இடத்தில் வாய் திறந்துவிட்டால் இன்னொரு இடத்திலும் திறக்கும்.

உன் தம்பி,
ராஜராஜன்


தஞ்சாவூர்,
3 செப்டம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? பதில் இவ்வளவு தாமதமானதற்கு மன்னித்துக்கொள். உன் கடிதத்தைத் தலையணைக்குள் வைத்துக்கொண்டே ஒரு மாதம் இருந்துவிட்டேன்.

நேற்று முன்தினம் சொன்னேன். மேடம் வழக்கம்போல என்னைக் கேட்டுவிட்டு, பதில் வராது என்று தெரிந்து, அடுத்த பெண் பக்கம் திரும்பிவிட்டார். நான் எழுந்தேன். வயல், வாய்க்கால், இரண்டு ஆண்கள் என்று ஆரம்பித்தேன். மதகுக்கு வார்த்தை தெரியவில்லை, தண்ணீருக்கு ஒரு கதவு என்றேன். அரிவாளுக்கும் தெரியவில்லை, வளைந்த கத்தி என்றேன். யார் முதலில் வீசினார், எங்கே விழுந்தது, எவ்வளவு ரத்தம், எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நிமிஷம் நிற்காமல் பேசியிருக்கிறேன். எனக்கே தெரியவில்லை.

முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். "எந்த சினிமாடி இது?" என்று பாத்திமா மேரி கேட்டாள். மேடம் எழுந்து வந்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார். 'விழுந்தார்' என்பதற்கு வேறு துணைவினை போட வேண்டும் என்று திருத்தினார், அவ்வளவுதான் பிழையாம். தாளில் இருந்ததை அடித்துவிட்டு 'மிக நன்று' என்று எழுதினார். அன்று மத்தியானம் எனக்குக் காய்ச்சல் வந்து மறுநாள்வரை படுத்திருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

வக்கீலிடம் சொல். நான் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா குந்தவை


திருச்சி,
17 செப்டம்பர் 2025

என் அன்பு அக்காவுக்கு,

நல்லா இருக்கியா? நான் ரொம்ப ரொம்ப நல்லா இருக்கேன். உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. பீகார்காரனுக்கு இந்தியில் படித்துக் காட்டினேன். "தீதி ஆயேகி?" என்று தினமும் கேட்கிறான். அக்கா வருவாளா என்று அர்த்தம். வருவாள்டா என்று சொல்லியிருக்கிறேன்.

வக்கீலிடம் சொன்னேன். கோர்ட்டில் தேதி கொடுத்துவிட்டார்கள். அக்டோபர் 16, வியாழக்கிழமை. ஒரே ஒரு நாள் வந்தால் போதும். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று எதிர்த்தரப்பில் குடைவார்கள். பயந்தேன், அதனால் சொல்லவில்லை என்று உள்ளதைச் சொல். பதறாமல் மெதுவாகப் பேசு. அந்தப் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வா, தூரத்திலிருந்தே உன்னைத் தெரியும்.

வெளியே வந்ததும் உன்னை ஏர்போர்ட்டில் ஏற்றிவிடுவது நான்தான். அதற்குப் பிறகு நான் நிஜமாகவே சிங்கப்பூர் போனாலும் போவேன்.

உன் தம்பி,
ராஜராஜன்


தஞ்சாவூர்,
30 செப்டம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? குளிர் வருவதற்குள் அம்மாவிடம் சொல்லி ஒரு கம்பளி கொடுத்தனுப்பச் சொல்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. தைலம் தேய்த்துக்கொள்ள அனுமதிப்பார்களா என்று கேட்டுப் பார்.

தேர்வுத் தேதி வந்துவிட்டது. சென்னையில், அக்டோபர் 16. மேடத்திடம் கேட்டேன், மாற்ற முடியாது என்கிறார். அடுத்த தேர்வு பிப்ரவரியில்தான். அதுவரை அந்த இல்லத்தில் எனக்காக இடத்தை வைத்திருக்க மாட்டார்கள்.

வக்கீலிடம் வேறு தேதி வாங்க முடியுமா என்று கேட்கிறாயா? முடியாது என்றால் எழுது.

குந்தவை


திருச்சி,
6 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். நீ கவலைப்படாதே. வாய்தா தள்ளிப்போய்விட்டது. நவம்பர் 20 என்கிறார்கள். நீ நிம்மதியாகப் போய்த் தேர்வு எழுது. நன்றாகப் பேசு.

தம்பி,
ராஜராஜன்


தஞ்சாவூர்,
26 அக்டோபர் 2025

அன்புத் தம்பிக்கு,

சுகமா? தீபாவளிக்கு அங்கே இனிப்பு ஏதாவது கொடுத்தார்களா? நான் ஊருக்குப் போகவில்லை. உன் கடிதம் எதுவும் வரவில்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

தேர்வு முடிந்துவிட்டது. முடிவு வர இன்னும் சில நாளாகும், ஆனால் தேறிவிடுவேன் என்கிறார் மேடம். பேச்சுத் தேர்வில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உன் அனுபவம் ஒன்றைச் சொல் என்றார்கள். எனக்கு நிற்காமல் பேசத் தெரிந்தது ஒன்றுதானே. அதையே சொன்னேன். ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டார்.

நவம்பர் 20 நான் கட்டாயம் வருகிறேன். பச்சைச் சேலையை அம்மாவிடம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா குந்தவை


திருச்சி,
17 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். நீ நலமாக இருக்க வேண்டும்.

இருபதாம் தேதி நீ வர வேண்டாம். அப்படி ஒரு தேதியே கிடையாது. நான் பொய் எழுதினேன். வாய்தா தள்ளிப்போகவில்லை. பதினாறாம் தேதி மீரா சாகிப் மத்தியானம்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நம் பக்கம் சாட்சி இல்லை என்று முடித்துவிட்டார்கள். போன புதன்கிழமை தீர்ப்பு. ஆயுள். உனக்குத் தெரிந்தால் தேர்வை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்றுதான் மறைத்தேன். எனக்குத்தான் இப்படி ஆகிவிட்டது, நீயாவது போய்ச் சேர வேண்டும் அல்லவா? இதை நினைத்து நீ அழக்கூடாது.

அப்பீல் இருக்கிறது. ஆனால் இதுவரை கோர்ட்டில் பதிவானதை வைத்துத்தான் பார்ப்பார்களாம். நீ பார்த்தது அதில் இல்லை.

அக்கா, அந்த வெள்ளைக்காரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாயா? முதல் வீச்சு அவருடையது என்று சொன்னாயா? சொல்லியிருப்பாய். எனக்கு அது போதும். நான் சும்மா அடிக்கவில்லை என்று வெளியில் ஒரு ஆளாவது கேட்டிருக்கிறார்.

ஒன்று மட்டும் கேட்க நினைத்தேன். எந்த சினிமா என்று உன் சிநேகிதி கேட்டாளே, அதற்கு நீ என்ன சொன்னாய்? எழுதவே இல்லையே.

உன் தம்பி,
ராஜராஜன்


தஞ்சாவூர்,
14 டிசம்பர் 2025

தம்பி ராஜராஜனுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நீ கேட்டதற்கு முதலில் பதில். ஏதோ ஒரு சினிமா, பேர் மறந்துவிட்டது என்று சொன்னேன். தேர்விலும் அந்த அம்மா தண்ணீரை நீட்டிவிட்டு, உன் குடும்பத்தில் நடந்ததா என்று கேட்டார். இல்லை, ஊரில் யாருக்கோ நடந்தது என்றேன். உன் கதை என்று வெளியில் யாரும் கேட்கவில்லை, ராஜா. கேட்டவர்களிடம் அது நீ இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ பொய் எழுதியது எனக்குத் தெரியும். உன் கடிதம் கைக்கு வந்தது அக்டோபர் 11, சனிக்கிழமை. அன்று சாயங்காலம் போனைக் கொடுத்தார்கள். அம்மா பேசினாள். "வக்கீல் வந்துட்டுப் போறாருடி. வியாழக்கிழமை காலையில கார் அனுப்புறேங்கிறாரு, வந்துடுவியா?" என்று கேட்டாள். ஒரு கையில் போன், மறு கையில் உன் கடிதம். நான் கடிதத்தைப் பிடித்துக்கொண்டேன். "தேதி தள்ளிப்போச்சும்மா, தம்பியே எழுதியிருக்கான், வக்கீலுக்கு இன்னும் தெரியல போல" என்றேன். அம்மா நம்பிவிட்டாள்.

தேர்வு மட்டும் காரணம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது பாதிதான். ஜெர்மனில் நான் சொன்னபோது யாரும் என்னைக் குறுக்கே கேட்கவில்லை. வினைச்சொல்லை மட்டும் திருத்தினார்கள். கூண்டில் ஏறினால், அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா என்று ஊருக்கு முன்னால் கேட்பார்கள். நம் தமிழில் கேட்பார்கள். அதற்கு நின்று பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ பொய் எழுதியதும் பிழைத்தேன் என்று இருந்தது. அப்படித்தான் இருந்தது, அதை மாற்றி எழுத மாட்டேன்.

ஜனவரி கடைசியில் பயணம். இனி கடிதத்தை அம்மாவுக்கு அனுப்ப வேண்டாம். முத்திரையோடு நேரே எனக்கே அனுப்பு. அனுப்ப மனம் இருந்தால்.

விசா வரும்வரை இங்கேயே தங்கியிருக்கிறேன். வகுப்புக்குப் புதிதாகப் பதினெட்டுப் பெண்கள் வந்திருக்கிறார்கள். ஒருத்தியும் வாயைத் திறப்பதில்லை. எப்படிப் பேச வேண்டும் என்று காட்டுவதற்காக ஜாஸ்லின் மேடம் என்னைக் கூப்பிட்டு அந்தக் கதையைச் சொல்லச் சொல்கிறார். இதுவரை மூன்று தடவை சொல்லிவிட்டேன். இப்போது ஒரு பிழையும் வருவதில்லை.

குந்தவை